விலை உயர்ந்த டேப்லெட் மக்கர் பண்ணினால்: காத்திருப்பதா, கேட்பதா?

பெரிய தொகை கொடுத்து வாங்கின டேப்லெட் மக்கர் பண்ண ஆரம்பிச்சா, “அடுத்த அப்டேட்டில் சரியாகிடும்” என்று யாராவது சொல்வார்கள். சில சமயம் அது உண்மை. சில சமயம் அந்த ஒரு வரியை நம்பியே வாரன்டி முடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே கருவியில் உதாரணம் கிடைக்குமா என்று தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்தது மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ப்ரோ 4.

2015 அக்டோபரில் வந்த கருவி இது. அமெரிக்காவில் ஆரம்ப விலையே 899 டாலர், கீபோர்டு தனி. வந்த புதிதில் பெரிய புகார் தூக்கம் பற்றியது. இந்த வகை டேப்லெட்டுகள் பழைய லேப்டாப் மாதிரி முழுசாகத் தூங்குவதில்லை. செல்போன் மாதிரி அரைத்தூக்கத்தில் இருந்துகொண்டு மெயில் வாங்கும். ஏதாவது ஒரு டிரைவர் ஒழுங்காக அடங்கலைன்னா, பைக்குள் இருக்கும்போதே சூடாகி பேட்டரி காலியாகும். இது மென்பொருள் கோளாறு. 2016-இல் வந்த அப்டேட்டுகளில் நிலைமை நன்றாகவே மேம்பட்டது. பொறுத்தவர்களுக்கு லாபம்தான்.

இரண்டாவது கோளாறு வேறு மாதிரி. கொஞ்ச நேரம் ஓடி சூடானதும் திரை நடுங்க ஆரம்பிக்கும். சிலர் டேப்லெட்டை ஃப்ரீசரில் வைத்து எடுத்து வேலை பார்த்தார்கள் என்பது செய்தியாகவே வந்தது. குளிர்ந்தால் நின்று, சூடானால் திரும்பி வருகிறது என்றால் கோளாறு வன்பொருளில் இருக்க வாய்ப்பு அதிகம். 2018 மே மாதம், சில கருவிகளின் திரை நடுக்கத்தை மென்பொருளால் சரிசெய்ய முடியாது என்று மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு, வாங்கிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் இருப்பவற்றை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்க. முதல் நாளே வாங்கினவருக்கு மிச்சம் இருந்தது ஐந்து மாதம்தான்.

கழற்றிச் சரிபண்ணலாமா? திரை பசை போட்டு ஒட்டப்பட்டது. ஐஃபிக்ஸிட் இதற்குக் கொடுத்த பழுதுபார்ப்பு மதிப்பெண் 10-க்கு 2. அதனால் நம் கையில் இருப்பது ஒன்றுதான்: கோளாறு எந்த வகை என்று சீக்கிரம் கண்டுபிடிப்பது.

அதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. டேப்லெட்டை முழுசாக அணைத்துவிட்டு, வால்யூம் கூட்டும் பொத்தானை அழுத்தியபடியே பவர் பொத்தானைத் தட்டுங்க. விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஒரு செட்டிங்ஸ் திரை வரும். கருவி சூடாக இருக்கும்போதே இதைச் செய்யணும். அங்கேயும் நடுங்கினால் விண்டோஸ் மேலோ டிரைவர் மேலோ பழி போட முடியாது, ஏன்னா அவை இன்னும் ஓடவே ஆரம்பிக்கலை. அங்கே நடுங்காமல் விண்டோஸில் மட்டும் நடுங்கினால், டிரைவர் பக்கம் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம்: விண்டோஸில் “ஷட் டவுன்” கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று நினைக்கிறோம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் கெர்னல் நிலையை அப்படியே சேமித்துவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். முழுசாகத் தொடங்க “ரீஸ்டார்ட்” தான் சரி. பைக்குள் சூடாகிற பிரச்சினை இருந்தால், சிறிது நேரத்தில் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றிவைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

சோதனை வன்பொருளைக் காட்டினால் அன்றைக்கே மூன்று வேலை செய்யுங்க: நடுக்கத்தை அந்த செட்டிங்ஸ் திரையோடு சேர்த்து வீடியோ எடுங்க, பில்லை எடுத்து வாங்கின தேதியைப் பாருங்க, நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்க. போனில் பேசினது மட்டும் போதாது. வாரன்டி முடிஞ்சிருந்தாலும் கேட்டு வைங்க. பின்னாடி ஒரு திட்டம் அறிவித்தால், புகார் தேதி உங்க பக்கம் ஆதாரமாக நிற்கும்.

மென்பொருள் கோளாறுக்குப் பொறுமை மருந்து. வன்பொருள் கோளாறில் அதே பொறுமை நம் பணத்தைத்தான் தின்னும்.