இடதா வலதா என்று முடிவு செய்யாத செருப்பு

பெங்களூரு ஜோகுபாளையத்திலிருந்து ஒருவர் சென்னைக்கு ரயில் ஏறுகிறார். கிளம்பிய அவசரத்தில் பைக்குள் ஒற்றைச் செருப்பைத்தான் திணித்திருக்கிறார். சென்ட்ரலில் இறங்கித் திறந்து பார்த்தால் இடக்கால் செருப்பு. வலக்கால் செருப்பு வீட்டு வாசலில் கிடக்கிறது என்று அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. சுமார் 350 கிலோமீட்டர் தாண்டி யாரும் போன் செய்து சொல்லவில்லை.

குவாண்டம் பின்னலும், அதாவது எவ்வளவு தூரம் பிரிந்தாலும் இரண்டு துகள்களின் அளவீட்டு விடைகள் பொருந்திப்போவதும், இப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 1935-ல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் வாதிட்டதும் ஏறக்குறைய இதையே: விடை கிளம்பும்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

இங்கேதான் செருப்பு அறுந்துபோகிறது. பின்னிய இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) புறப்படும்போது இடதும் இல்லை, வலதும் இல்லை. பையைத் திறந்து பார்க்கும்போதுதான் ஒன்று இடதாகிறது. வாசலில் கிடப்பது அப்போதுதான் வலதாகிறது. இப்படியொரு ஜோடியை எந்தச் செருப்புக்கடையும் விற்காது.

'பார்ப்பதற்கு முன்பே இடதாக இருந்திருக்கலாமே?' நியாயமான கேள்வி. 1964-ல் இயற்பியலர் ஜான் பெல் அதைச் சோதித்துப் பார்க்கக்கூடிய கணக்காக மாற்றினார். ஃபோட்டான் அதிரும் திசையை இங்கே இரண்டு கோணங்களிலும் அங்கே வேறு இரண்டு கோணங்களிலும் மாற்றி மாற்றி அளந்து, விடைகள் எவ்வளவு பொருந்துகின்றன என்று கூட்ட வேண்டும். விடைகள் முன்பே முடிவானவை, இந்தப் பக்கத்து அளவீடு அந்தப் பக்கத்தைத் தொடாது என்றால் கூட்டல் 2-ஐத் தாண்டாது. குவாண்டம் கணக்கோ 2.83 வரை போகும் என்கிறது. கிளவுசர் 1972-லும், ஆஸ்பே 1980-களிலும் அளந்தார்கள். பெல் போட்ட எல்லை உடைந்தது. 2022 இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்கும் அதே துறையில் உழைத்த ஸைலிங்கருக்கும் போனது. பெல்லுக்கும் வேடிக்கை பிடிக்கும்: கால் ஒன்றுக்கு ஒரு நிறத்தில் காலுறை போடும் பெர்ட்ல்மன் என்ற இயற்பியலரை வைத்தே 1981-ல் ஒரு கட்டுரை எழுதினார்.

இதைக் கொண்டு ஒளியை முந்திச் சேதி அனுப்ப முடியாது. இடது வருமா வலது வருமா என்பது நம் கையில் இல்லை. இரு பக்கத்துக் குறிப்புகளையும் சாதாரண போனில் ஒப்பிட்டால்தான் பொருத்தமே தெரியும். ஆனால் ரகசியம் காக்க இது அருமையான வழி. இரு முனையிலும் ஒத்துப்போகும் எண் வரிசையே பூட்டுச் சாவி ஆகிறது. நடுவில் யாராவது ஃபோட்டானைப் பிடித்துப் பார்த்தால் பின்னல் குலையும், பிழைகள் கூடும், ஒட்டுக்கேட்டவர் அகப்படுவார்.

ஜோகுபாளையத்துக்காரர்கள் பஸ்ஸில் போய்விடக்கூடிய சதாசிவநகர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் உர்பசி சின்ஹாவின் குழு இந்த வேலையில்தான் இருக்கிறது. இஸ்ரோவோடு சேர்ந்து 2021-ல் இரண்டு கட்டடங்களுக்கு இடையே, திறந்தவெளியில் 50 மீட்டருக்குக் குவாண்டம் சாவி அனுப்பினார்கள். 2022 ஜனவரியில் அகமதாபாத்தில் இஸ்ரோவின் மையமும் இயற்பியல் ஆய்வகமும் பின்னிய ஃபோட்டான்களைக் கொண்டே 300 மீட்டருக்குச் சாவி அனுப்பி, அதன் காவலில் வீடியோ காலும் பேசினார்கள். 2025-ல் டில்லி ஐஐடி ஒரு கிலோமீட்டரைத் தாண்டியது. சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் 2017-லேயே 1,200 கிலோமீட்டருக்குப் பின்னிய ஜோடிகளைப் பிரித்து அனுப்பிவிட்டது. தரையில் கண்ணாடி இழை வழியாக அனுப்பினால் தூரம் கூடக் கூட ஃபோட்டான்கள் தொலைந்துபோகின்றன. அவற்றை நகலெடுத்துப் பெருக்கவும் குவாண்டம் விதி விடாது. இஸ்ரோவும் செயற்கைக்கோளையே குறிவைப்பது இதனால்தான்.