ஒரே வட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி, பொழிச்சலூர், பம்மல் பக்கத்து வீடுகள் சிலவற்றில் இன்று பரண் ஏறியிருக்கும். அதில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆகவே ஒரே ஹார்ட் டிஸ்கில் இரண்டு ஃபைல் சிஸ்டம்கள். எந்தக் கோப்பு வட்டில் எங்கே கிடக்கிறது என்று கணக்கு வைப்பது இவற்றின் வேலை. விண்டோஸ் பக்கம் 1993இல் வந்த என்டிஎஃப்எஸ். பாஸ் பக்கம் லினக்ஸின் எக்ஸ்ட் குடும்பம்.

எது வேகம்?

பாஸில் நுழைந்து ஒரு சினிமாவை இரு பக்கமும் நகலெடுத்தால் என்டிஎஃப்எஸ் பெரும்பாலும் பின்தங்கும். இது நியாயமான பந்தயமில்லை. அன்றைய லினக்ஸ், என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற வெளி நிரலைக் கொண்டே அங்கே எழுதியது. ஒவ்வொரு கோரிக்கையும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலை விட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டும். முழுமையாக எழுதவல்ல இயக்கி கெர்னலுக்குள்ளேயே வந்தது 2021இல்தான். தோற்றது மொழிபெயர்ப்பாளர், பழி என்டிஎஃப்எஸ் மீது.

ரேமும் ஏமாற்றும். நகல் முடிந்ததாகத் திரை சொன்னாலும் தரவு ரேமிலேயே காத்திருக்கலாம். அதனால் விவரமானவர்கள் ரேமைவிடப் பெரிய கோப்பை வைத்துத்தான் அளப்பார்கள்.

கோப்பின் அளவும் முடிவை மாற்றும். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வட்டுக்கு ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். படிக்கும் முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளில் நொடிக்கு நூறைத் தொடுவதே கடினம். பெரிய கோப்பில் கதை வேறு. எக்ஸ்ட்3 ஒவ்வொரு 4 கிலோபைட் துண்டுக்கும் தனி முகவரி எழுதியது. 1 ஜிபி படத்துக்கு 2,62,144 முகவரிகள். 2008 டிசம்பரில் நிலையான பதிப்பாக வந்த எக்ஸ்ட்4, தொடர்ச்சியாகக் கிடக்கும் 128 மெகாபைட்டை ஒரே வரியில் குறித்துவிடும். எட்டு வரி போதும்! பெரிய கோப்பை அழிக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பேட்டரி செத்த மடிக்கணினியில் நடுவில் கரண்ட் போனால்? கணக்கு குழம்பாமலிருக்க, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஜர்னல் என்ற குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டுக்கும் உண்டு. பென் டிரைவின் ஃபேட்32க்கு இல்லை. எக்ஸ்ட்4 வழக்கமாகக் கோப்பின் பெயர், இடம் போன்ற விவரங்களை மட்டுமே அப்படி எழுதும். உள்ளடக்கத்தையும் சேர்க்கச் சொல்லலாம். அப்போது ஒவ்வொரு பைட்டும் இரண்டு முறை எழுதப்படும், பெரிய கோப்புகளில் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.