இறந்தவர் வயது தெரியும். விதி மீறியவர் வயது தெரியாது!

புதுதில்லி: சாலை விபத்தில் உயிரிழப்போரில் ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த வயதினர் என்ற விவரத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. ஆனால், அந்த விபத்துகளுக்கு வித்திடும் விதிமீறல்களுக்காகத் தண்டனை பெறுவோர் யார், அவர்களில் இளைஞர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பதில்லை. விதிமீறலைப் படம் பிடிக்கும் கேமராக்கள் பெருகப் பெருக, இந்த விடை இன்னும் எட்டாத தொலைவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கேரளத்தின் கொச்சி மாநகரில் இதைக் கண்கூடாகக் காணலாம். எறணாகுளம் கடைவீதியான பிராட்வேக்குப் பெயர்தான் அகன்ற சாலை. துணிக்கடைகளும் மொத்த வியாபாரக் கடைகளும் நெருக்கியடிக்கும் குறுகலான தெரு அது. அதை ஒட்டி ஓடும் பெரிய சாலைக்கு, கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்து, பின்னர் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோவைத் தமிழர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. காயலுக்கு அக்கரையில் மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைத் தெருக்கள். இத்தகைய நெருக்கடியான வீதிகளில் ஆண், பெண், சிறுவர், முதியவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் வாகனம் இருசக்கர வாகனமே. இவர்களில் விதியை மீறுவோர் யார் என்பதை அபராத நோட்டீஸைப் பார்த்துச் சொல்ல முடியாது.

726 கேமராக்கள்

'பாதுகாப்பான கேரளம்' திட்டத்தின் கீழ் மாநிலம் முழுவதும் 726 கேமராக்கள் நிறுவப்பட்டன. முதல்வராக இருந்த பினராயி விஜயன் 2023 ஏப்ரல் 20-ம் தேதி திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அவற்றில் 675 கேமராக்கள் ஹெல்மெட் அணியாதது, சீட் பெல்ட் போடாதது, செல்பேசியில் பேசியபடி ஓட்டுவது போன்றவற்றைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு கண்டறிபவை. 2023 ஜூன் 5-ம் தேதி முதல் அபராதம் விதிக்கப்பட்டது. அன்று காலை முதல் மாலைக்குள் மட்டும் 28 ஆயிரத்துக்கும் அதிகமான விதிமீறல்கள் பதிவாயின.

கேமரா பதிவு செய்வது வாகனத்தின் எண்ணை. அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டில் உள்ள உரிமையாளரின் முகவரிக்கு நோட்டீஸ் போகிறது. ஓட்டியவர் மகனாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், கடைச் சிப்பந்தியாக இருக்கலாம். பணத்தைக் கட்டியதும் கணக்கு முடிந்துவிடுகிறது. வண்டியை ஓட்டியவரின் பெயர், வயது, பால் எதுவும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

வாகனத்தை ஓட்டியவர் யார் என்று காவல் துறை கேட்டால் அதைத் தெரிவிக்க வேண்டிய கடமை உரிமையாளருக்கு உண்டு என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-வது பிரிவு கூறுகிறது. ஆனால், உரிமையாளரே பணத்தைக் கட்டிவிடும்போது அந்தக் கேள்வி எழுவதற்கே இடமில்லை. சில நூறு ரூபாய் அபராதத்துக்காக ஓட்டியவரைத் தேடிச் செல்ல எந்தத் துறைக்கும் ஆள் பலமும் இல்லை.

தண்டனை அல்ல, சமரசம்

இதில் சட்ட நுணுக்கம் ஒன்றும் உள்ளது. சாலையில் கட்டும் அபராதம் பெரும்பாலும் நீதிமன்றத் தண்டனை அன்று. சட்டத்தின் 200-வது பிரிவின்படி, குறிப்பிட்ட விதிமீறல்களை அதிகாரியே தொகை பெற்றுக்கொண்டு முடித்து வைக்கலாம். தில்லியில் 2019-ல் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவிய மெய்நிகர் நீதிமன்றங்களிலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு இணையத்தில் பணம் கட்டினால் வழக்கு முடிந்துவிடும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், கைதானவர்களையும் தண்டனை பெற்றவர்களையும் ஆண், பெண் எனப் பிரித்துக் காட்டுவது உண்மையே. ஆனால் அது காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகி நீதிமன்றம் வரை சென்ற குற்றங்களின் கணக்கு. அன்றாட விதிமீறல்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வாசலை மிதிப்பதே இல்லை.

மகன் ஓட்ட, தாய்க்குத் தண்டனை

வயது, பால் பற்றிய கணக்கை அடியோடு புரட்டிப் போடும் சட்டப் பிரிவு ஒன்று 2019-ல் வந்தது. அந்த ஆண்டு நிறைவேறி, அபராதங்கள் செப்டம்பர் 1-ம் தேதி அமலுக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 199-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால், அவரது பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். அவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும், 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற முடியாது. தமக்குத் தெரியாமலே அது நடந்தது, அல்லது அதைத் தடுக்க உரிய முயற்சி எடுத்தோம் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு பெற்றோரையே சாரும்.

இப்பிரிவின் கீழ் கேரளத்தின் பல நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்துள்ளன. மகன் ஸ்கூட்டர் ஓட்டியதற்காகத் தாயும், தம்பி ஓட்டியதற்காக அண்ணனும், வேறு பிரிவுகளையும் சேர்த்து 30 ஆயிரம் ரூபாய் அளவுக்கு அபராதம் கட்ட நேர்ந்தது. விதியை மீறியவன் பள்ளி மாணவன். தண்டனைப் பதிவேட்டில் ஏறுவது நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் பெயர். இத்தகைய பதிவுகளை மட்டும் கொண்டு அட்டவணை தயாரித்தால், நடுத்தர வயதுப் பெண்கள்தான் ஆபத்தாக வண்டி ஓட்டுகிறார்கள் என்ற விபரீத முடிவே கிடைக்கும்.

சட்டத்தின் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. 2016 ஏப்ரலில் தில்லி சிவில் லைன்ஸ் பகுதியில், 18 வயது நிறையச் சில நாள்களே இருந்த ஒருவர் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அந்த ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதாவிலேயே பெற்றோரைப் பொறுப்பாக்கும் பிரிவு இருந்தது. தில்லி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுகள் என்று சட்டம் வரையறுக்காத குற்றத்தைக் கொடுங்குற்றமாகக் கருதிச் சிறாரை வயது வந்தவர்போல் விசாரிக்க முடியாது என்று 2020 ஜனவரியில் தீர்ப்பாயிற்று.

2024 மே மாதம் புணேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் கார் மோதி இரு மென்பொருள் பொறியாளர்கள் உயிரிழந்தனர். சாலைப் பாதுகாப்பு பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சில மணி நேரத்தில் ஜாமீன் கிடைத்தது நாடெங்கும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. அச்சிறுவனை வயது வந்தவராகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற போலீஸாரின் கோரிக்கையைச் சிறார் நீதி வாரியம் 2025 ஜூலையில் நிராகரித்தது. இத்தகைய வழக்குகள் தலைப்புச் செய்தியாகின்றன. ஆனால், நாள்தோறும் உரிமமின்றி ஓட்டும் சிறார்கள் எத்தனை பேர் என்பது செய்தியாவதில்லை. அதற்குக் கணக்கு இருந்தால்தானே!

பெண்ணுக்குத் தளர்வு, பெண்ணுக்கே இழப்பு

கணக்கு இல்லாத இடத்தில் அனுமானம் சட்டமாகிவிடும் என்பதற்குத் தலைநகரே சான்று. தில்லி அரசு 1999-ல் விதியைத் திருத்தி, இருசக்கர வாகனத்தில் செல்லும் பெண்கள் விரும்பினால் மட்டும் ஹெல்மெட் அணியலாம் என்றது. அதனால் பின்னிருக்கைப் பெண் ஹெல்மெட் இன்றிச் சென்றால் அது விதிமீறலே ஆகாது. எந்த அட்டவணையிலும் அது இடம்பெறாது. 2014 ஆகஸ்டில்தான் பெண்களுக்கும் ஹெல்மெட் கட்டாயமாக்கப்பட்டது. சீக்கியப் பெண்களுக்கு மட்டும் விலக்குத் தொடர்ந்தது.

தமிழகத்தில் ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு 2015 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கேரளத்தில் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2019 டிசம்பரில் பின்னிருக்கைக்கும் அது கட்டாயமாயிற்று. பின்னால் அமர்பவர் பெரும்பாலும் மனைவி, தாய், மகள். 2022-ல் ஹெல்மெட் அணியாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னிருக்கையில் இருந்தவர்கள் என்பது இந்தத் தளர்வுகளின் விலையை உணர்த்தும்.

இறப்புக் கணக்கு சொல்வது என்ன?

2022-ல் நாட்டில் 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழ 86 சதவீதத்தினர் ஆண்கள். மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். 18 வயது நிரம்பாத 9,528 பேரும் இறந்துள்ளனர். அதே ஆண்டில் தமிழகத்தில் 64,105 விபத்துகளில் 17,884 பேரும், கேரளத்தில் 43,910 விபத்துகளில் 4,317 பேரும் உயிரிழந்தனர். நூறு விபத்துக்குத் தமிழகத்தில் 28 பேர் என்றால், கேரளத்தில் 10 பேர். சிறு விபத்துகளும் பதிவாகும் விதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும் என்பதால் இந்த ஒப்பீட்டைக் கவனத்தோடு கையாள வேண்டும்.

இளம் ஆண்களே அதிகம் இறப்பதால், இளம் ஆண்களே அதிகம் விதி மீறுகிறார்கள் என்று உடனே கூறிவிடத் தோன்றும். அது பாதி உண்மையாகவே இருக்கும். சாலையில் அதிக நேரம் வண்டி ஓட்டுபவர்களும் அவர்களே. உணவு விநியோகம், சரக்கு, வாடகைக் கார் என்று பிழைப்பே சாலையில் நடப்பவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்கள் ஓட்டும் தூரம், வைத்திருக்கும் உரிமம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால்தான் ஆபத்தின் உண்மையான அளவு புரியும். இறந்தவரின் வயதைக் கொண்டு மோதியவரின் வயதை அறியவும் முடியாது. சாலையைக் கடக்கும்போது அடிபட்டு இறந்த மூதாட்டியின் வயது, அவரை மோதியவரைப் பற்றி எதையும் கூறாது.

பிரிட்டன் காட்டும் வழி

பிரிட்டனில் வாகனக் குற்றத் தண்டனைகள் நெடுங்காலமாக வயது, பால் வாரியாக வெளியிடப்பட்டு வருகின்றன. தண்டனை பெறுவோரில் ஆண்களே மிகப் பெரும்பான்மை என்பது ஆண்டுதோறும் உறுதிப்படும் செய்தி. அங்கேயும் வேகக் கேமரா வாகன எண்ணைத்தான் படம் பிடிக்கிறது. ஆனால் ஓட்டியவர் யார் என்று உரிமையாளர் எழுத்துமூலம் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் அதுவே தனிக் குற்றம். தண்டனைப் புள்ளி வாகனத்தின் மீது ஏறுவதில்லை. ஓட்டியவரின் உரிமத்தில் ஏறுகிறது. மூன்று ஆண்டுகளில் 12 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும். புதிதாக உரிமம் பெற்றவர் இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் பெற்றாலே உரிமம் ரத்தாகும். 1995-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இக்கட்டுப்பாடு, இளம் ஓட்டுநர்களை மனதில் வைத்தே கொண்டு வரப்பட்டது.

அங்கும் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. 2003-ல் கணவரின் வேகக் குற்றத்துக்கு மனைவி பொறுப்பேற்றுப் புள்ளிகளைத் தம் பெயரில் ஏற்றுக்கொண்டது பின்னர் அம்பலமானது. அந்தக் கணவர், அமைச்சர் பதவி வகித்த கிறிஸ் ஹியூன். இருவருக்கும் 2013 மார்ச்சில் தலா 8 மாதச் சிறை விதிக்கப்பட்டது. பொய்க் கணக்கு எழுதினால் அமைச்சராயினும் சிறை என்று அந்நாடு காட்டியது.

எட்டிப் பிடிக்கும் தூரம்தான்

இந்தியாவில் இக்கணக்கைத் தயாரிப்பது இயலாத காரியம் அன்று. ஓட்டுநர் உரிமத்துக்கான 'சாரதி' தகவல் தொகுப்பில் ஒவ்வொருவரின் பிறந்த தேதியும் பாலும் உள்ளன. அதிகாரி நேரில் மறித்து அபராதம் விதிக்கும்போது உரிம எண்ணைப் பதிந்தாலே போதும். பெயர்களை நீக்கிவிட்டு மாவட்டவாரியாக வயது, பால் அட்டவணை வெளியிடலாம். சென்னை ஐஐடியும் தேசிய தகவல் மையமும் உருவாக்கி, 2021-ல் தமிழகம் உள்ளிட்ட 6 மாநிலங்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த விபத்துத் தகவல் தொகுப்பில் விபத்துக்குள்ளான ஓட்டுநரின் விவரமும் சேர்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் முயற்சிதான் தேவை.

இத்துறையில் உச்ச நீதிமன்றத்தை அசைத்ததே ஒரு தமிழர்தான். கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, செல்பேசி பேசியபடி ஓட்டுவது போன்ற குற்றங்களுக்குக் குறைந்தது 3 மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்குமாறு மாநிலங்களை அக்குழு 2015-ல் பணித்தது. அதே வழக்கில், மின்னணுக் கண்காணிப்புக்கான 136-ஏ பிரிவைச் செயல்படுத்துமாறு 2024-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

இந்த இரு உத்தரவுகளுக்கும் இடையே உள்ள முரணை அரசுகள் இன்னும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. உரிமத்தை நிறுத்தி வைக்க ஓட்டியவர் யார் என்பது தெரிய வேண்டும். கேமரா காட்டுவதோ வாகனத்தை மட்டும். ஓட்டியவரை அறியாமல் கேமராக்களை மட்டும் பெருக்கினால் கஜானாவுக்கு வருவாய் பெருகும். ஆனால் ஆபத்தாக ஓட்டும் இளைஞரின் உரிமம் அப்படியே இருக்கும். அபராதம் அவருடைய தாயின் கணக்கிலிருந்து போகும். ஓட்டியவரின் விவரத்தைக் கேட்டுப் பெறுவதைக் கட்டாயமாக்குவது மத்திய அரசின் விதி அளவிலேயே முடியும் காரியம். அதைச் செய்த பிறகுதான், எந்த வயதினருக்குப் பயிற்சி தேவை, யாருக்குக் கட்டுப்பாடு தேவை என்பதை அனுமானத்தால் அன்றிக் கணக்கால் முடிவு செய்ய இயலும்.