ஜேம்ஸ் மக்கில்: கொடையாளி, வணிகர், அடிமைகளின் சொந்தக்காரர்



மொன்றியலில் வாழும் தமிழருக்கு மக்கில் என்ற பெயரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அந்தப் பெயரில் மெட்ரோ நிலையம் இருக்கிறது, வீதி இருக்கிறது. பிள்ளைக்கு மக்கில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் அந்தச் செய்தி அன்று மாலைக்குள் ஊரில் உள்ள உறவினரின் காதுக்கும் போய்விடும். ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதர் யார், அவருடைய பணம் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் அதிகம் கேட்பதில்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு அந்த இரண்டாவது கேள்வியில்தான் ஆர்வம்.

ஜேம்ஸ் மக்கில் 1744ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் அந்த வயதில் சேர்வது புதுமையல்ல. 1760இல் பிரெஞ்சுக்காரர் மொன்றியலைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த பிறகு வாய்ப்புத் தேடி வந்த ஸ்கொட்லாந்து இளைஞர்களில் இவரும் ஒருவர். 1766 அளவில் இங்கே தோல் வணிகத்தில் இறங்கிவிட்டார்.

இந்த வணிகம் முழுக்க முழுக்கக் கடனில் நடந்தது. இலண்டனிலிருந்து துணி, துப்பாக்கி, கத்தி, கம்பளி எல்லாம் கப்பலில் வரும். அவற்றை லஷீனிலிருந்து வள்ளங்களில் ஏற்றிப் பெரிய ஏரிகளுக்கு அப்பால் அனுப்புவார்கள். அங்கே ஆதிக்குடிகளிடம் அவற்றைக் கொடுத்து நீர்நாய்த் தோல் வாங்கிவந்து இலண்டனில் விற்பார்கள். போட்ட முதல் திரும்பிவர இரண்டு மூன்று ஆண்டுகள் எடுக்கும். அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கக்கூடிய முதல் உள்ளவரே நிலைக்கலாம். ஐசாக் டொட் என்பவருடன் சேர்ந்து மக்கில் நடத்திய நிறுவனம் நிலைத்தது. 1779இல் நோர்த் வெஸ்ட் கொம்பனி பதினாறு பங்குகளாக அமைக்கப்பட்டபோது இரண்டு பங்குகள் இவர்களுடையவை.

வள்ளங்களில் போன சரக்கில் றம் சாராயமும் உண்டு. அது கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. சீனியும் கரும்புப்பாகும் அப்படித்தான். ஆகவே மக்கில் தன் வீட்டில் ஓர் அடிமையைக்கூட வைத்திருக்கவில்லை என்றாலும் அவருடைய பேரேட்டில் அடிமை உழைப்பு இருந்திருக்கும்.

ஆனால் வீட்டிலும் வைத்திருந்தார். குறைந்தது ஐந்து பேர் என்று இன்று பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்கிறது. மரி லூயிஸ், ஜாக், சாரா என்பவர்கள் கறுப்பினத்தவர்கள். மற்ற இருவரும் ஆதிக்குடிச் சிறுவர்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகுமுன்பே இறந்துபோனார்கள்.

கனடாவில் அடிமைகளா என்று சிலர் வியக்கலாம். அமெரிக்காவிலிருந்து தப்பி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்த நாடு என்றுதான் இங்கே பாடசாலையில் பிள்ளைகள் அதிகம் கேட்டிருப்பார்கள். அது பிற்காலக் கதை. 1709இலேயே நியூ பிரான்ஸில் அடிமைகளை வைத்திருப்பது சட்டபூர்வமாக்கப்பட்டது. 1760இல் மொன்றியல் சரணடைந்தபோது எழுதப்பட்ட உடன்படிக்கையின் 47ஆம் பிரிவு, அடிமைகள் தங்கள் எசமானர்களிடமே இருப்பார்கள் என்று உறுதி செய்தது. ஆட்சி மாறியது, அடிமை மாறவில்லை.

வரலாற்றாசிரியர் மார்செல் துருடெல் கோயில் பதிவேடுகளையும் நொத்தாரிசு உறுதிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டி ஏறத்தாழ 4,200 அடிமைகளை இனங்கண்டார். மூன்றில் இரண்டு பங்கினர் ஆதிக்குடிகள். அவர்களைப் 'பனி' என்று அழைத்தார்கள். ஓர் ஆதிக்குடி அடிமையின் சராசரி விலை 400 லீவர், கறுப்பின அடிமையின் விலை 900 லீவர். ஆதிக்குடி அடிமைகள் இறந்த சராசரி வயது பதினேழரைக்குச் சற்று மேல், கறுப்பினத்தவர் இருபத்தைந்து. மக்கில் வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சராசரியைக்கூட எட்டவில்லை.

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். மக்கிலின் அரசியல் வாழ்க்கையைப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்காது. 1792இல் கீழ்க் கனடாவின் முதலாவது சட்டசபைக்கு அவர் மொன்றியலிலிருந்து தெரிவானார். நிறைவேற்றுச் சபையிலும் இடம்பெற்றார். அடுத்த ஆண்டே, 1793இல், பியேர் லூயி பனே என்ற உறுப்பினர் அடிமைத்தனத்தை ஒழிக்கும் மசோதா ஒன்றை அதே சபையில் கொண்டுவந்தார். அடிமைகளை வைத்திருந்த உறுப்பினர்கள் பலர் இருந்த சபை அதைக் கிடப்பில் போட்டது. அதே ஆண்டு பக்கத்து மேல் கனடாவில் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. 1798இல் ஷார்லொட் என்ற கறுப்பினப் பெண் எசமானியிடமிருந்து ஓடிப்போய், திரும்பிப் போக மறுத்துச் சிறைக்குப் போனபோது, மொன்றியல் பிரதம நீதியரசர் ஜேம்ஸ் மங்க் அவரை விடுவித்தார். சொத்துப் பறிபோகிறதே என்று எசமானர்கள் சட்டசபைக்கு மனுக் கொடுத்தார்கள். ஆகவே இது தவறு என்று சொன்ன குரல்கள் அவர் அமர்ந்திருந்த மண்டபத்திலேயே ஒலித்தன. பிரித்தானியப் பேரரசின் ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்ட் முதலாம் திகதிதான் இங்கே நடைமுறைக்கு வந்தது. மக்கில் இறந்து அப்போது இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

நாங்கள் இதைக் கேட்டுவிட்டு வெள்ளைக்காரர் கதை என்று ஒதுங்கவும் முடியாது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த எங்கள் தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் இருக்கின்றன. காணி, தோட்டம், நகை போல மனிதரும் முதுசமாகக் கைமாறினார்கள். 1833இன் ஒழிப்புச் சட்டத்திலிருந்து இலங்கை விலக்கி வைக்கப்பட்டிருந்தது. அங்கே அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1844இல், அதாவது மொன்றியலுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து.

இனிக் கொடைக்கு வருவோம். 1811 ஜனவரியில் எழுதிய மரணசாசனத்தில் மக்கில் தன் 46 ஏக்கர் பேர்ன்சைட் தோட்டத்தையும் 10,000 பவுண் பணத்தையும் கல்விக்கென விட்டுச்சென்றார். பத்து ஆண்டுகளுக்குள் கல்லூரி அமைய வேண்டும், அதற்குத் தன் பெயர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1813 டிசெம்பரில் இறந்தார். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளைகள் வழியில் வந்த டெரிவியேர் குடும்பத்தினர் சொத்தை விடாமல் வழக்காடினார்கள். 1821இல் அரச பட்டயம் கிடைத்தும் 1829இல்தான் கல்லூரி திறந்தது. உயில் வழக்கு என்றால் என்ன பாடு என்று நொத்தாரிசு வீட்டுப் படி ஏறியவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கொடை பெரிய கொடைதான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்தொகையில் சொத்தை மட்டும் எழுதிப் பொறுப்பை எழுதாமல் விட்டால் எந்தக் கணக்காய்வாளரும் கையொப்பம் இடமாட்டார். இருநூறு ஆண்டுகள் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. பல்கலைக்கழக வளவில் 1996இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். இருநூறாவது ஆண்டு நிறைவான 2021இல் அது சேதப்படுத்தப்பட்டு, பின்னர் அகற்றப்பட்டது. சிலையை எடுப்பதா விடுவதா என்பதில் நேயர்களுக்குப் பல கருத்து இருக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த ஐந்து பேரையும் அவருடைய வரலாற்றோடு சேர்த்தே எழுதுவது.

இவற்றை நேரில் பார்க்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. பழைய நொத்தாரிசு உறுதிகள் வீஜே அவெனியூவில் உள்ள கியூபெக் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். ஷாம் டி மார்ஸ் மெட்ரோவுக்கு அருகே, மரி ஜோசெப் அஞ்செலிக் என்ற அடிமைப் பெண்ணின் பெயரில் 2012இல் ஒரு சதுக்கம் அமைந்தது. 1734இல் நகரத்துக்குத் தீ வைத்ததாகக் குற்றம் சாட்டித் தூக்கிலிடப்பட்டவர் அவர். காப்பகத்திலிருந்து அந்தச் சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம்.