சட்டசபைக் கேள்வியும் கிராமத்துக் கிணறும்

ஐக்கிய சங்கத்தின் மகாசபையில் வருஷாந்த அறிக்கை வாசிக்கப்பட்டவுடன் எந்த அங்கத்தினரும் எழுந்து கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். கேட்கப்பட்டால், காரியதரிசியும் நிர்வாகக் கமிட்டியாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். சங்கத்தின் பணம் அங்கத்தினருடைய பணம் என்பதே இதற்குக் காரணம். இதே முறைதான் பெரிய அளவில் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் நடைபெறுகிறது. அங்கே கேட்பவர் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி. பதில் சொல்பவர் அந்தந்த இலாகாவின் பொறுப்பை வகிக்கும் மந்திரி.

ஆறு, ஏரி, காடு, நிலத்தடி நீர், ஆலைக் கழிவு ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்கள் கிராமவாசியின் பிழைப்போடு நேரே சம்பந்தப்பட்டவை. ஆயினும் அவற்றைக் கிராமத்தில் படிப்போர் மிகச் சிலர். இம்முறை எவ்வாறு நடக்கிறது, அதனால் சங்க அங்கத்தினர் அடையக்கூடிய பயன் யாது என்பன இங்கே விளக்கப்படுகின்றன.

உரிமை வந்த விதம்

கேள்வி கேட்கும் உரிமை ஒரே நாளில் கிடைத்ததன்று. 1861-ம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த சட்டசபைகளில் அங்கத்தினர்கள் சட்ட மசோதாக்களை ஆலோசிக்கலாமேயன்றி, நிர்வாகத்தைப் பற்றிக் கேள்வி கேட்க இடமில்லை. 1892-ம் வருஷத்து இந்தியக் கவுன்ஸில்கள் சட்டமே முதன்முதலாக அவ்வுரிமையை அளித்தது. அப்பொழுதும், வந்த பதில் எவ்வளவு மழுப்பலாயிருந்தாலும், அதன்மேல் மற்றொரு கேள்வி கேட்பதற்கில்லை. 1909-ம் வருஷத்துச் சட்டத்தின் பின், மூலக் கேள்வியைக் கேட்டவர் மாத்திரம் உபகேள்வி கேட்கலாம் என்றாயிற்று. 1919-ம் வருஷத்துச் சீர்திருத்தத்திற்குப் பின்னரே சபையிலுள்ள எந்த அங்கத்தினரும் உபகேள்வி கேட்கும் உரிமை ஏற்பட்டது.

இந்த வரலாற்றில் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. முதற்கேள்விக்குப் பதில் எழுதுவோர் இலாகா உத்தியோகஸ்தர்கள். அதை மந்திரி வாசிக்கிறார். உபகேள்விக்கோ அவர் அந்த இடத்திலேயே, விஷயத்தை அறிந்து பதில் சொல்ல வேண்டும். மந்திரிக்குத் தம் இலாகாவில் நடப்பது தெரியுமா என்பது அப்பொழுதுதான் வெளியாகும். 2020-ம் வருஷம் செப்டம்பரில், தொற்றுநோயை முன்னிட்டு, பார்லிமெண்டின் இரு சபைகளிலும் கேள்வி நேரம் நிறுத்தப்பட்டு, எழுத்து மூலமான பதில்கள் மட்டும் அளிக்கப்பட்டன. கேள்வி நேரத்தை நிறுத்தியதைப் பல கட்சியினரும் ஆட்சேபித்ததற்குக் காரணம், உபகேள்விக்கு இடமில்லாமற் போனதே.

கேள்வி நேரம்

லோக் சபையில் ஒவ்வொரு நாளும் கூட்டத்தின் முதல் மணி நேரம் கேள்விகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டசபையிலும் நடவடிக்கைகள் கேள்வி நேரத்தோடுதான் தொடங்குவது வழக்கம். கேள்விகள் இரு வகைப்படும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி வாய்மொழியாகப் பதில் சொல்வார். அதன்மேல் உபகேள்விகள் எழலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்து மூலம் பதில் வரும், உபகேள்வி இல்லை. லோக் சபையில் ஒரு நாளைக்கு 20 குறியிட்ட கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலில் இடம்பெறலாம். நேரம் போதாமையால் 20 கேள்விகளும் வாய்மொழியாய் முடிவது அரிது. எட்டப்படாதவற்றின் பதில்கள் சபையின் மேஜைமேல் எழுத்தாக வைக்கப்படும்.

கேள்விக்குச் சில விதிகள் உண்டு. அது 150 சொற்களுக்கு மேற்படலாகாது. வாதம், ஊகம், ஏளனம், பிறர்மேல் பழி ஆகியவை அதில் இருக்கலாகாது. மந்திரியின் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்கலாகாது. கோர்ட்டில் விசாரணையிலிருக்கும் விஷயத்தைப் பற்றியும் கேட்கலாகாது. சுருங்கச் சொன்னால், கேள்வி என்பது தகவலைக் கேட்பது, பிரசங்கமன்று.

எச்சபையில் கேட்பது

கிராமத்தார் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான். ஏரி தூர்ந்து போனதைப் பற்றிப் பார்லிமெண்டு அங்கத்தினரிடம் மனுக் கொடுப்பார்கள். அவர் கேட்டால், "நீர் ராஜ்ய சர்க்காரின் பொறுப்பு" என்று மத்திய மந்திரி ஒரே வரியில் பதில் சொல்லிவிடக்கூடும். அது தட்டிக்கழித்தலே என்று சொல்லிவிட முடியாது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், நீர்ப்பாசனம், வாய்க்கால், குடிநீர் வசதி ஆகியவை ராஜ்யங்களின் பட்டியலில் 17-வது இனமாக உள்ளன. பல ராஜ்யங்களுக்கூடே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது மத்தியப் பட்டியலில் 56-வது இனம். காடுகளோ 1976-ம் வருஷத்து 42-வது திருத்தத்தால் இரு சர்க்கார்களுக்கும் பொதுவான பட்டியலுக்கு மாற்றப்பட்டன. ஆகையால் ஊர் ஏரி, மதகு, வரத்துக் கால்வாய் ஆகியவற்றின் சங்கதியைச் சட்டசபை அங்கத்தினர் மூலமும், காவேரி போன்ற ஆற்றின் பங்கீட்டை இரு சபைகளிலும், மத்திய சர்க்கார் நடத்தும் அளவீடுகளைப் பார்லிமெண்டிலும் கேட்பதே முறை.

பதிலைப் படிக்கும் விதம்

நிலத்தடி நீரை உதாரணமாகக் கொள்ளலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ராஜ்ய இலாகாவும் சேர்ந்து, மழையாலும் பிறவற்றாலும் வருஷந்தோறும் நிலத்தினுள் சேரும் நீரில் எடுக்கத் தக்கது எவ்வளவு, எடுக்கப்படுவது எவ்வளவு என்று கணக்கிடுகின்றன. நூற்றுக்கு 70 வரை எடுக்கும் இடம் பத்திரமானது. 70 முதல் 90 வரை ஓரளவு நெருக்கடியானது. 90 முதல் 100 வரை நெருக்கடியானது. நூறுக்கு மேற்பட்டால் மிகையாக இறைக்கப்பட்டது. வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்து முதலைக் கரைக்கும் குடும்பத்தின் நிலைமையே இந்தக் கடைசி வகுப்பின் நிலைமை.

2020-ம் வருஷத்து மதிப்பீட்டில் தமிழ்நாடு முழுமைக்கும் சேர்ந்த விகிதம் நூற்றுக்கு ஏறக்குறைய 83. இதை மட்டும் கேட்டால், இன்னும் நீர் மிச்சமிருக்கிறதென்று தோன்றும். ஆனால் அம்மதிப்பீடு பிர்க்காவாரியாகச் செய்யப்பட்டது. பிர்க்கா என்பது ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் சரகத்திலடங்கிய சில கிராமங்கள். மொத்தம் 1,166 பிர்க்காக்களில் 435 மிகையாக இறைக்கப்பட்டவை, 63 நெருக்கடியானவை, 225 ஓரளவு நெருக்கடியானவை, 409 பத்திரமானவை, எஞ்சிய 34-ல் நீர் உவர்ப்பானது. ராஜ்யத்தின் சராசரியில் மறைந்த உண்மை பிர்க்காக் கணக்கில் வெளிப்படுகிறது.

இன்னும் ஒன்று. 2017-ம் வருஷத்து மதிப்பீட்டில் மிகையாக இறைக்கப்பட்ட பிர்க்காக்கள் 462. ஆகவே, "மூன்று வருஷத்தில் இவற்றின் தொகை 27 குறைந்தது" என்று ஒரு மந்திரி பதில் சொன்னால் அது பொய்யாகாது. ஆனால் அதே 2017-ல் பத்திரமான பிர்க்காக்கள் 427. 2020-ல் அவை 409. அதாவது 18 குறைந்துவிட்டன. ஓரளவு நெருக்கடியானவையோ 163-லிருந்து 225 ஆக உயர்ந்தன. முதற்பதிலைக் கேட்டுத் திருப்தியடைபவர் பாதியை அறிந்தவர்; "பத்திரமானவை எத்தனை குறைந்தன?" என்று உபகேள்வி கேட்பவரே முழுமையும் அறிகிறார்.

சங்கத்துக்கு இதனால் என்ன என்று சிலர் கேட்கலாம். கிணறு வெட்டவும், போர் இறக்கவும், மோட்டார் வைக்கவும் குடியானவர் கடன் வாங்குகிறார். அவருடைய பிர்க்கா மிகையாக இறைக்கப்பட்டதானால், இருநூறு அடியில் இருந்த நீர் சில வருஷங்களில் இன்னும் ஆழத்துக்குப் போய்விடலாம். கிணறு வற்றினாலும் வட்டி வற்றுவதில்லை. தவணை தவறும், ஜாமீன் நின்ற அயலார்மேல் பாரம் விழும், சங்கத்துக்கு வராக்கடன் சேரும். கடன் மனுவைப் பரிசீலிக்கும் கமிட்டியார் நிலத்தின் மதிப்பை விசாரிப்பதுபோலவே பிர்க்காவின் வகுப்பையும் விசாரித்தறிவது அவசியம்.

மந்திரியின் வாக்குறுதி

"விஷயம் பரிசீலனையில் இருக்கிறது", "விசாரித்து நடவடிக்கை எடுக்கப்படும்", "தகவல் சேகரிக்கப்பட்டுச் சபையின் மேஜைமேல் வைக்கப்படும்" என்னும் பதில்களைக் கேட்டுப் பலர் சலிப்படைவதுண்டு. ஆனால் சபையில் சொல்லப்பட்ட இத்தகைய சொற்கள் காற்றோடு போவதில்லை. அவை உறுதிமொழிகளாகக் குறித்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே லோக் சபையில் 1953-ம் வருஷத்திலும் ராஜ்ய சபையில் 1972-ம் வருஷத்திலும் சர்க்கார் உறுதிமொழிக் கமிட்டிகள் ஏற்பட்டன. பார்லிமெண்டில் கொடுத்த உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இயலாவிடில் காரணம் காட்டித் தவணை பெற வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டசபையிலும் இத்தகைய கமிட்டி உண்டு. அது ஜில்லாக்களுக்கு வந்து நேரில் பார்வையிடுவதும் உண்டு. கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தவரைத் தவணை நாளில் விசாரிப்பதுபோல, உறுதிமொழி கொடுத்தவரையும் விசாரிப்பவர் இருந்தால்தான் அது பலிக்கும்.

அங்கத்தினர் செய்யத் தக்கவை

முதலாவது, கேள்வியைத் திட்டமாக எழுதிக் கொடுத்தல். "எங்கள் பகுதி வறண்டு போவதைச் சர்க்கார் கண்டும் காணாமல் இருப்பது ஏன்?" என்று எழுதினால் அது விதிப்படி தள்ளப்படும், தள்ளப்படாவிட்டாலும் உபயோகமான பதில் வராது. (அ) இன்ன தாலுகாவின் ஒவ்வொரு பிர்க்காவும் கடைசி மதிப்பீட்டில் எந்த வகுப்பைச் சேர்ந்தது, (ஆ) அதற்கு முந்திய மதிப்பீட்டில் எந்த வகுப்பு, (இ) கடந்த ஐந்து வருஷங்களில் அங்கே தூர் எடுக்கப்பட்ட ஏரிகள் எவை, ஒவ்வொன்றுக்கும் செலவான தொகை எவ்வளவு, (ஈ) எடுக்கப்படாதவற்றுக்குக் காரணம் என்ன என்று எழுதினால், மழுப்புவதற்கு இடம் மிகவும் சுருங்கிவிடும். சங்க மகாசபையிலோ கிராம சபையிலோ இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, அங்கத்தினர் கையொப்பத்தோடு சட்டசபை அங்கத்தினரிடம் சேர்ப்பிப்பது நலம்.

இரண்டாவது, வந்த பதிலின் நகலைப் பெற்று மகாசபையில் வாசித்தல். கேள்வி பதில்கள் யாவும் பகிரங்கமானவை. பதிலில் தூர் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஏரியின் கரையில் நின்று பார்ப்பவர் கிராமத்தாரே. பதில் உண்மைக்கு மாறாயிருந்தால் அதைத் தேதியோடும் விவரத்தோடும் எழுதி, கேள்வி கேட்ட அங்கத்தினருக்கே திருப்பியனுப்ப வேண்டும். பல தடவைகளில் உபகேள்விக்கு விஷயம் கிடைப்பது இவ்விதமே.

மூன்றாவது, பிரதிநிதி மூலம் காரியம் ஆகாவிடில் நேரே கேட்டல். 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் சொற்பக் கட்டணம் செலுத்தி, சர்க்கார் அலுவலகத்தினின்று தகவல் கேட்கலாம். சாதாரணமாக 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். பார்லிமெண்டுக்கோ சட்டசபைக்கோ மறுக்கக்கூடாத தகவலை எந்தத் தனி மனிதருக்கும் மறுக்கலாகாது என்று அச்சட்டத்தின் 8-வது பிரிவு கூறுகிறது. 1892-ல் சில கவுன்ஸிலர்களுக்கு மாத்திரம் கிடைத்த உரிமை இன்று குடியானவரின் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கேள்வியினால் மழை பெய்யாது. ஒரு கேள்வியால் ஏரி நிரம்பியும் விடாது. ஆனால் எவ்வளவு நீர் இருக்கிறது, எவ்வளவு போயிற்று, யார் எப்பொழுது என்ன செய்வதாகச் சொன்னார் என்பவை எழுத்தில் பதிந்துவிட்டால், பின்னர் எவரும் அதை இல்லையென்று சொல்ல முடியாது. கணக்கு எழுதுவதற்கும் தணிக்கை செய்வதற்கும் பழகிய சங்க அங்கத்தினரைவிட இந்த வேலைக்குத் தகுதியுள்ளவர் கிராமத்தில் இல்லை. அடுத்த மகாசபைக்கு முன்பாக ஒவ்வொரு சங்கமும் தன் பிர்க்கா எவ்வகுப்பைச் சேர்ந்ததென்று விசாரித்து, அதை நிகழ்ச்சிப் பட்டியலில் ஒரு விஷயமாகச் சேர்த்துக்கொள்ளுதல் நல்ல தொடக்கமாகும்.