‘மாட்டு டாக்டர்’ பெற்ற நோபல் பரிசு

பிளஸ் டூ முடித்த பிள்ளை கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால், “மாட்டு டாக்டரா?” என்று நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். அந்தப் படிப்பு ஒருவரை எங்கே கொண்டு சேர்த்தது என்று பார்ப்போம்.

பீட்டர் டோஹர்ட்டி 1940இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படித்தார். பின்னர் ஸ்காட்லாந்து சென்று, செம்மறி ஆடுகளின் மூளையைத் தாக்கும் வைரஸை ஆராய்ந்து, 1970இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பியவர், கான்பெராவில் ரோல்ஃப் சிங்கர்நாகல் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவருடன் சேர்ந்து எலிகளில் ஆய்வு செய்தார். வைரஸ் புகுந்த செல்லை உடலின் காவலர்களான டி செல்கள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்பதே கேள்வி. வைரஸின் அடையாளம் மட்டும் போதாது. உடலின் சொந்த அடையாளமும் அதனுடன் சேர்ந்திருந்தால்தான் டி செல்கள் தாக்கும் என்று இருவரும் கண்டறிந்தனர். தடுப்பூசி, உறுப்பு மாற்று சிகிச்சை ஆகியவற்றைப் பற்றிய மருத்துவ உலகின் புரிதலை இது ஆழமாக்கியது. 1996இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ரேபிஸ், பறவைக் காய்ச்சல் போன்றவை விலங்குகளிடமிருந்தே மனிதருக்கு வருகின்றன. அவற்றை ஆராயவும் ஆட்கள் வேண்டும். பிள்ளை கேட்டால், மறுக்கும் முன் ஒருமுறை யோசிப்போம்.