சேலம் அஞ்சாவது இடம்: அதை நம்பி ஊருக்குத் திரும்பலாமா?

போன வாரம் நேயர் ஒருத்தர் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சென்னையில் ஐ.டி. வேலை, மூணு வயசுப் பொண்ணு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்னு கம்பெனி சொல்லிடுச்சு. சொந்த ஊர் சேலம். அங்கே அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் நடக்குது. "வாழ ஏத்த சின்ன நகரங்கள்ல சேலம் இந்தியாவிலேயே அஞ்சாவதாமே. குடும்பத்தோட போயிடலாமா?" இதுதான் அவர் கேள்வி.

அந்தப் பட்டியல் வாட்ஸ்அப் வதந்தி இல்லை. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட 'ஈஸ் ஆஃப் லிவிங்' குறியீடு அது. மொத்தம் 111 நகரங்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு ஒரு பட்டியல், அதுக்குக் கீழே உள்ளவைக்கு இன்னொரு பட்டியல். இரண்டாவது பட்டியலில் சிம்லா முதலிடம், சேலம் 5, வேலூர் 6, திருச்சி 10.

இப்போ இடத்தை மறந்துட்டு மதிப்பெண்ணைப் பாருங்க. நூத்துக்கு சேலம் 56.40, வேலூர் 56.38. வித்தியாசம் வெறும் 0.02. சேலத்து தெருவுக்கும் வேலூர் தெருவுக்கும் இந்த 0.02 என்ன வித்தியாசம் காட்டும்? ஒண்ணும் காட்டாது. ஆனா 5, 6ன்னு எழுதினதும் ஒரு ஊர் ஜெயிச்ச மாதிரியும் இன்னொண்ணு தோத்த மாதிரியும் தெரியுது. பெரிய நகரங்கள் பட்டியலில் கோவை 7-வது இடம், மதிப்பெண் 59.72. அதனால 'சேலம் 5, கோவை 7, சேலம்தான் மேல்'னு சொல்லிட முடியாது. ரெண்டும் ஓடினது வேற வேற பந்தயம்.

இன்னொரு விஷயம். இதே குறியீட்டில் 2018-ல் பெங்களூரு 58-வது இடம். அடுத்த முறை, பெரிய நகரங்களில் முதலிடம். ரெண்டு வருஷத்துல பெங்களூரு டிராஃபிக் சரியாயிடுச்சா? இல்லை. கணக்குப் போடும் முறை மாறிச்சு. பட்டியலை ரெண்டாப் பிரிச்சாங்க, மக்கள் கருத்துக்கணிப்பையும் சேர்த்தாங்க. புது முறையில் வாழ்க்கைத் தரத்துக்கு 35 சதவீதம், பொருளாதாரத்துக்கு 15, நிலைத்தன்மைக்கு 20, கருத்துக்கணிப்புக்கு 30.

மக்களைக் கேட்பது நல்ல விஷயம்தான். ஆனா பதில் எதிர்பார்ப்பைப் பொறுத்தது. வாரம் ஒரு தடவை தண்ணி வந்த தெருவில் இப்போ நாலு நாளைக்கு ஒரு தடவை வந்தா, அந்த மக்கள் "பரவாயில்லை"ன்னு சொல்வாங்க. தினமும் தண்ணி வந்து பழகினவங்க ஒரு நாள் நின்னாலே "மோசம்"னு சொல்வாங்க. இதில் யாருமே பொய் சொல்லலை.

முதலிடம் வாங்கின சிம்லாவையே எடுத்துக்கோங்க. 2018 மே கடைசியில் அங்கே பல பகுதிகளில் நாள்கணக்கில் குழாயில் தண்ணி வரலை. மக்கள் ரோட்டுக்கு வந்து போராடினாங்க. 2015-16-ல் குடிநீரில் கழிவுநீர் கலந்து மஞ்சள் காமாலை பரவிச்சு. சராசரி ஒரு வருஷத்தைச் சொல்லும், அந்த வருஷத்தின் மோசமான வாரத்தை மறைச்சிடும். அப்புறம், 2011 கணக்கெடுப்பின்படி சிம்லா மாநகராட்சியில் சுமார் 1.7 லட்சம் பேர். சீசனில் வந்து குவியும் சுற்றுலாப் பயணிகள் அந்த எண்ணில் இல்லை. ஆனா தண்ணி அவங்களுக்கும் வேணும்.

எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் முதல்ல கேட்க வேண்டியது இதுதான்: எத்தனை பேரால வகுத்தாங்க? 2021-ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால, ரொம்ப வருஷமா நாம 2011 எண்ணை வெச்சோ, அதிலிருந்து ஊகிச்ச எண்ணை வெச்சோதான் வகுத்துட்டு இருக்கோம்.

ரெண்டாவது கேள்வி, எங்கே பதிவு பண்ணாங்க? நம்ம நாட்டில் பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருக்கும் இடத்தில் இல்லை. சேலத்தில் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. அக்கம்பக்கத்து மாவட்டத்திலிருந்து கடைசி நேரத்தில் கொண்டுவரப்பட்டவர் அங்கே இறந்தா, அது சேலத்துக் கணக்கு. நல்ல ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் அதனாலேயே எண்ணில் மோசமாத் தெரியலாம். குற்றமும் இதே கதைதான். பதிவான வழக்கு அதிகம்னா குற்றம் அதிகம்னும் இருக்கலாம், புகார் கொடுத்தா ஸ்டேஷனில் வாங்கிக்கிறாங்கன்னும் இருக்கலாம்.

மூணாவது, இது ஊரோட எண்ணா, மாவட்டத்தோட எண்ணா? தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு மாவட்ட அளவில் வருது. சேலம் மாவட்டம்னா அதில் ஏற்காடு மலைக் கிராமமும் இருக்கு, மேட்டூரும் ஆத்தூரும் இருக்கு. அந்தச் சராசரி அஸ்தம்பட்டி வீட்டைப் பத்தி ரொம்பக் கொஞ்சம்தான் சொல்லும்.

அப்போ எண்களைத் தூக்கிப் போட்டுடணுமா? வேண்டாம். நம்ம கேள்விக்கு ஏத்த எண்ணைத் தேடணும். பொண்ணோட பள்ளிக்கூடம்னா, யூடைஸ் தளத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள்னு தனித்தனியாப் பார்க்கலாம். காத்துன்னா, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் ஒரு நாளை மட்டும் பார்க்காம ஒரு வருஷத்தைப் பாருங்க. கண்காணிப்புக் கருவி உங்க வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்னும் பாருங்க. தண்ணின்னா, 'எத்தனை சதவீத வீடுகளுக்கு இணைப்பு இருக்கு'ன்னு கேட்காதீங்க. 'மே மாசத்தில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை மணி நேரம்'னு அந்தத் தெருக்காரங்களையே கேளுங்க.

நம்ம நேயருக்கு என் பதில் இது. 35, 15, 20, 30 என்பது டெல்லியில் முடிவான கணக்கு. உங்க வீட்டுக் கணக்கில் அப்பாவோட டயாலிசிஸுக்கே பாதி போகலாம். அப்போ நீங்க தேட வேண்டியது சேலத்தோட இடத்தை இல்லை. எந்த சென்டரில் எத்தனை மெஷின், ராத்திரி அவசரம்னா சிறுநீரக மருத்துவர் இருப்பாரா, வீட்டிலிருந்து எத்தனை நிமிஷம்? இந்த மூணும் எந்தக் குறியீட்டிலும் இல்லை, ஆனா மூணு போன் காலில் தெரிஞ்சுடும். முடிஞ்சா மே மாசத்தில் ரெண்டு வாரம் அங்கே இருந்து பாருங்க. மார்கழியில் போய்ப் பார்த்தா எல்லா ஊரும் நல்ல ஊர்தான்.

போயிட்டு வந்து என்ன முடிவு எடுத்தீங்கன்னு சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.